ஊர்ப்பெயர் தாங்கிய நாற்காலிகள்

சீனாவின் சூசோ நகரத் தச்சர் செய்த பழைய நாற்காலி ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தால் அவருடைய சிக்கனம் புரியும். கண்ணில் படும் சட்டங்களுக்கு ஹைனான் தீவின் ஹுவாங்ஹுவாலி மரம். மறைவான இடத்துக்கு மலிவான உள்ளூர் மரம். சிறு துண்டைக்கூட எறியாமல் எங்காவது சேர்த்திருப்பார். மிங் அரசு 1567-இல் கடல் வாணிபத் தடையைத் தளர்த்திய பிறகு தென்கடல் நாடுகளின் கடின மரங்கள் சீனாவுக்குக் கூடுதலாக வந்தன. ஆனால் அவை சூசோவை எட்டும்போது விலை ஏறிவிடும். அந்த நாற்காலிகளின் மெலிந்த கால்களையும் அலங்காரமற்ற முதுகுப் பலகையையும் அழகுணர்ச்சி என்று மட்டும் புகழ்வது எனக்கு உடன்பாடில்லை. மரத்தின் விலைக்கும் அதில் பங்குண்டு.

மரம் வந்து இறங்கும் துறைமுகமான குவாங்சோவில் கதை வேறு. அங்கே கால் தடித்தது, செதுக்கல் ஆழமானது. ஒரு மேசைக்கு ஒரே இன மரம் என்பதில் தச்சருக்குப் பெருமை. வெக்கைக்கு இதமாக இருக்கையிலும் முதுகிலும் பளிங்குப் பலகை பதித்தார்கள். 1757 முதல் ஐரோப்பியக் கப்பல்களுக்கு அந்த ஒரு துறைமுகமே திறந்திருந்ததால் ஐரோப்பிய வளைவுகளும் அலமாரிகளில் ஏறின. பெய்ஜிங் அரண்மனைப் பட்டறை இரு ஊர்த் தச்சர்களையும் வரவழைத்து வேலை வாங்கியது. பழைய வெண்கலப் பாத்திரங்களின் கோலங்கள் அங்கே மரத்தில் இறங்கின. ஈரக்காற்றுள்ள சூசோவில் ஒரு மரத்தின் பாலை மெருகாகப் பூசினார்கள்; வறண்ட பெய்ஜிங்கில் மெழுகைச் சூடாக்கி மரத்துக்குள் ஏற்றினார்கள். ஷான்சியில் வால்நட்டும் எல்மும்தான் கைக்கு எட்டிய மரங்கள். குளிர்காலத்தில் அடியில் தீ மூட்டிய செங்கல் திண்ணைமீதே குடும்பம் உட்காரும் வடக்கில், மேசையின் கால்களும் குட்டையாகவே இருந்தன.

இன்று இந்த நான்கு பாணிகளும் ஒரே பட்டறையில் கிடைக்கும். ஃபூஜியான் மாநிலத்தின் சியான்யூவிலும் செஜியாங்கின் டோங்யாங்கிலும் பெரிய பட்டறைகள் இருக்கின்றன. வாங்குபவர் விலைப்பட்டியலைப் பார்த்து 'சூசோ' என்றோ 'குவாங்சோ' என்றோ கேட்கலாம். மரம் உலர் அறையில் பதமாகிறது. செதுக்கலில் பெரும்பகுதியைக் கணினி இயந்திரம் முடித்துவிட, கைவேலை கடைசியில் வருகிறது. ஆப்பிரிக்க மரமும் லாவோஸ் மரமும் வருகின்றன. எவை உயர்ந்த 'ஹோங்மு' மரங்கள் என்பதை 2000-ஆம் ஆண்டின் தேசியத் தரக்குறிப்பு 33 இனங்களாக வரையறுத்தது. 2017-இல் அதுவே 29 ஆனது. குளிரூட்டி ஓடும் அடுக்ககத்தில் பளிங்கு இருக்கைக்கும் பிரம்பு இருக்கைக்கும் இடையே முடிவு சொல்ல வெயிலுக்கு வேலையில்லை.

இழப்பை மட்டும் சொன்னால் கணக்கு தப்பும். அன்று மரவேலை அறிவு தச்சரின் கையோடு இருந்தது, கையோடு போனது. ஆய்வாளர் குஸ்தாவ் எக்கே 1944-இல் பழைய சாமான்களை அளந்து வரைந்து நூலாக்கினார். சீன ஆய்வாளர் வாங் ஷிஷியாங்கின் பெரிய நூல் 1985-இல் வந்தது. பழைய மரச்சாமான்களைக் காப்பாற்றுங்கள் என்று அவர் 1957-லேயே எழுதியிருந்தார். அப்போது நல்ல மேசைகளை உடைத்து மணிச்சட்டமும் வெள்ளிக்கோல் தண்டும் செய்துகொண்டிருந்தார்கள். கலாச்சாரப் புரட்சியில் அவருடைய சேகரிப்பையும் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு திரும்பக் கிடைத்தது. அதில் 79 சாமான்கள் இன்று ஷாங்காய் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. யாரும் அவற்றில் உட்காருவதில்லை. ஆனால் ஆணி இல்லாமல் கழுந்தும் துளையும் எப்படிக் கவ்விக்கொள்கின்றன என்று ஓர் இளைஞன் புத்தகத்தைப் பார்த்தே இன்று கற்றுக்கொள்ளலாம்.

பெய்ஜிங் அரண்மனை எல்லாவற்றிலும் மேலாக மதித்தது சீதான் மரத்தை. தரக்குறிப்பின்படி அந்தப் பெயருக்கு உரியது ஒரே இனம்: ஆந்திராவின் தென்மலைகளிலும் அதையொட்டிய தமிழகக் காடுகளிலும் முதன்மையாக இயற்கையில் வளரும் நம் செம்மரம். அன்று அது கப்பல் சரக்கு. அரசவை கிடங்கில் அடுக்கி, கணக்குப் பார்த்துச் செலவிட்ட மரம். 1995 முதல் அதன் பன்னாட்டு வணிகம் சைட்டீஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆனாலும் பெய்ஜிங் பாணிக் கட்டில் கேட்பவர்கள் குறையவில்லை, திருட்டு வெட்டும் நிற்கவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் மரம் வெட்டக் கூலிக்குப் போனதாகச் சொல்லப்பட்ட தமிழகத்துக்காரர்கள்.