டாக்டரின் பக்கத்தில் நின்று கற்றவர்கள்



ஆம்புலன்சில் வருகிறவர்களுக்கு என்ன படிப்பு என்று உங்களில் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. பாராமெடிக் என்பவர் டாக்டர் அல்ல. வெறும் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவரும் அல்ல. வியாதியஸ்தர் ஆஸ்பத்திரி வந்து சேருமுன், வழியிலேயே அவருடைய மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் காக்கிறவர். இங்கிலாந்தில் இன்று ஆம்புலன்ஸ் சேவையில் சம்பளம் வாங்கிக்கொண்டே பட்டம் பெற்றுப் பாராமெடிக் ஆகலாம்; கல்விக் கட்டணமும் மாணவருக்கு இல்லை. வேலை செய்துகொண்டே கற்கும் இந்த முறை புதிதல்ல.

1960-களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நோயாளிகளைப் பெரும்பாலும் போலீஸ் வண்டிதான் ஏற்றிச் சென்றது. பின்னால் கிடத்திவிட்டுப் போலீசார் முன்னால் உட்கார்ந்துகொள்வார்கள். கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் டிஸ்ட்ரிக்டில் அந்த வண்டியை நம்பியிருக்கவும் முடியாது. அந்நகரின் டாக்டர் பீட்டர் சாஃபர், வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும் முறையை உலகுக்கு நிரூபித்துக் காட்டியவர். 1966-ல் அவரே தம் சிறு மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்தார்.

மறு ஆண்டு ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ ஆம்புலன்ஸ் சேவை உருவாயிற்று. ஹில் டிஸ்ட்ரிக்ட் வாலிபர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை சாஃபர் ஏற்றார். பலர் வேலையில்லாதவர்கள், சிலர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள். ‘இவர்களால் என்ன ஆகும்?’ என்று ஊர் ஒதுக்கியிருந்த பிள்ளைகள்.

சுமார் 300 மணி நேரம் வகுப்பு நடந்தது. அதோடு விடவில்லை. அவசரப் பிரிவிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் டாக்டர்களின் பக்கத்தில் நின்று பழகினார்கள். மயங்கிக் கிடப்பவரின் தொண்டைக்குள் மூச்சுக்குழாய் செலுத்துவதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியுமா? கை பழக வேண்டும். நம் மிஷன் ஆஸ்பத்திரிகளின் பழைய கம்பவுண்டர்களும் டாக்டர் அம்மாவின் அருகில் நின்றுதானே தொழில் கற்றார்கள்!

பின்னர் வந்த டாக்டர் நான்சி கரோலின் தாமே அவர்களோடு ஆம்புலன்சில் ஏறினார். என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று கேட்டுக் கேட்டுத் திருத்தினார்.

1975-ல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கியது. ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. புதிய சேவையில் சேர்ந்த அனுபவசாலிகளில் பலர் ஓரங்கட்டப்பட்டு, வெளியேற நேர்ந்தது. இதை எழுதும்போது எங்களுக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஏனெனில், அவர்களோடு வண்டியில் போய்வந்து கரோலின் எழுதிய பாடத்திட்டமே அமெரிக்கா முழுவதும் பாராமெடிக் பயிற்சிக்கு அடிப்படையாயிற்று.