பந்து எத்தனை இருக்கிறது?

முழுப்பரீட்சை முடிகிற வாரத்திலிருந்து என் போனுக்கு ஓய்வு கிடையாது. "மிஸ், கேம்ப் எப்போ ஆரம்பிக்கிறீங்க? டி-ஷர்ட் உண்டா? கடைசி நாள் சர்டிபிகேட் தருவீங்களா?" எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும் முன் கேட்கவேண்டிய முதல் கேள்வியை யாரும் கேட்பதில்லை: பந்து எத்தனை இருக்கிறது?

நான் கடலூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியை. மே மாதக் காலைகளில் எங்கள் பள்ளி மைதானத்தில் கால்பந்து முகாம் நடத்துகிறேன். செம்மண் தரை, ஒரு பக்கம் மட்டும் வலை கட்டிய கோல் போஸ்ட், ஓரத்தில் இரண்டு வேப்பமரம். எங்களிடம் குறைவில்லாத ஒரே பொருள் பந்து. பழசு, தோல் உரிந்தது, முன்னாள் மாணவர்கள் கொடுத்துவிட்டுப் போனது என்று சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. இருபது பிள்ளைகள் ஒரே வரிசை, ஒரே பந்து. கோன்களுக்கு நடுவே பந்தை வளைத்து ஓட்டிவிட்டு வர ஒரு பிள்ளைக்குப் பதினைந்து வினாடி. அடுத்த முறை அவன் காலுக்குப் பந்து வர ஐந்து நிமிடம் ஆகும். ஒரு மணி நேரத்தில் அவனுக்குக் கிடைப்பது பன்னிரண்டு முறை. மொத்தம் மூன்றே நிமிடம். மீதி நேரம் முன்னால் நிற்பவன் சட்டையை இழுத்துக்கொண்டிருப்பான். அவனைச் சேட்டைக்காரன் என்கிறோம். நின்று நின்று சலித்துப்போனவன் வேறென்ன செய்வான்? ஆளுக்கொரு பந்து கொடுத்துவிட்டால் அந்தப் பையனே பத்து நிமிடத்தில் சில நூறு தடவை பந்தைத் தொட்டுவிடுவான். உள்ளங்காலால் இழு, உட்பக்கத்தால் தட்டு, வெளிப்பக்கத்தால் வெட்டு, இடது காலால் அதையே திரும்பச் செய். இடது கால் என்றதும் முகம் சுளிக்காத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்படி ஆளுக்கொரு பந்தைக் கொடுத்து நுணுக்கங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கற்றுத்தரும் முறைக்குப் பின்னால் பலர் இருக்கிறார்கள். அதிகம் பேசப்படுபவர் வீல் கூர்வர் என்ற நெதர்லாந்துக்காரர். 1974-ல் ஃபெயனூர்ட் அணிக்கு யூஈஎஃப்ஏ கோப்பையை வாங்கித் தந்த பயிற்சியாளர். பெரிய ஆட்டக்காரர்களின் படச்சுருள்களைத் திரும்பத் திரும்ப ஓட்டி, எதிராளியை ஏமாற்ற அவர்கள் உடம்பை எப்படி அசைக்கிறார்கள், எந்தக் காலை ஊன்றுகிறார்கள் என்று பிரித்துப் பார்த்தார். பிறவித் திறமை என்று ஊரே சொன்னதைச் சிறுவர்களுக்குப் படிப்படியாகச் சொல்லித்தரலாம் என்பது அவர் கட்சி. அவர் கருத்தைத் தழுவி 1984-ல் ஆல்ஃபிரட் கலுஸ்டியானும், ஸ்காட்லாந்தின் பழைய வீரர் சார்லி குக்கும் தொடங்கிய பயிற்சிமுறை இன்று பல நாடுகளில் நடக்கிறது. கோடைமுகாம் விளம்பரங்களில் 'ஸ்கில்ஸ்' என்று பெரிய எழுத்தில் போடுவதற்கு அந்த வழியும் ஒரு காரணம்.

எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. கோன் நகராது, காலை நீட்டாது, தோளால் இடிக்காது. கோன்களுக்கு நடுவில் அற்புதமாக ஸ்டெப்-ஓவர் போடும் பிள்ளை, எதிரே ஒரு ஆள் வந்ததும் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடித்துவிடுகிறது. அதனால் எங்கள் முகாமில் பாதி நேரம் நாலுக்கு நாலு ஆட்டம். சின்ன மைதானம், சின்ன கோல், கோலி கிடையாது. மான்செஸ்டர் யுனைடெட் தன் சிறுவர் பிரிவில் எட்டுக்கு எட்டு ஆட்டத்தையும் நாலுக்கு நாலு ஆட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, நாலு பேர் ஆட்டத்தில் பாஸ்கள் 135 சதவீதம் கூடின; எதிராளியைத் தனியாகச் சந்திக்கும் தருணங்கள் 225 சதவீதம் கூடின. கோல் எண்ணிக்கையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், 500 சதவீதம். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமே 2012-ல் வாக்கெடுத்து, ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஐந்து பேர் ஆட்டம், அதற்கு மேல் ஏழு, பிறகு ஒன்பது என்று மாற்றிக்கொண்டது. நம் ஊரில் இன்னும் நாலாம் வகுப்புப் பையனைப் பெரிய மைதானத்தில் பதினொன்றில் ஒருவனாக நிறுத்தி, "ஏண்டா ஓடல?" என்று திட்டுகிறோம். பந்து அவன் பக்கம் வந்தால்தானே ஓடுவான்.

பந்தின் அளவிலும் இதே கதைதான். பெரியவர்கள் ஆடும் 5-ம் எண் பந்து 410 முதல் 450 கிராம் எடை, சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். கடையில் அதுதான் முன்னால் தொங்கும், அப்பாவும் அதையே வாங்கி வருவார், "வளர்ற பிள்ளை, ரெண்டு வருஷத்துக்கு ஆகும்ல மிஸ்" என்று. பள்ளிச் சட்டைக்கு அது சரி. எட்டு வயதுவரை 3-ம் எண், பன்னிரண்டு வரை 4-ம் எண் போதும். கனமான பந்தை உதைக்க உடம்பைப் பின்னால் சாய்த்துப் பழகிய பிள்ளையைப் பிறகு நிமிர்த்துவது பெரிய வேலை. தலையால் முட்டுவதைச் சின்னவர்களுக்கு நான் சொல்லித்தருவதே இல்லை. அமெரிக்காவில் 2015-லேயே பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதைத் தடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் 2020-ல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இனி வெயில். நம் கோடைமுகாம் கத்திரி வெயிலில் நடக்கிறது என்பதை மறந்துவிட்டு ஐரோப்பிய அட்டவணையைக் காப்பியடிக்க முடியாது. நான் ஆறு மணிக்கு விசில் ஊதினால் எட்டு மணிக்குள் அனுப்பிவிடுவேன். வெயிலில் ஓடி விளையாட உடம்பு பழகுவதற்கே ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே முதல் வாரம் ஓட்டம் குறைவு, பந்து வேலை அதிகம். கால் மணிக்கொரு முறை தண்ணீர், தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகள்தான் எனக்கு உண்மையான தலைவலி. ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு வா என்றால் "பசிக்கல மிஸ்" என்பார்கள், ஏழரைக்கு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். நகரங்களில் இப்போது வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். பார்க்கப் பச்சையாக இருந்தாலும் உச்சிவெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். பகல் பதினொன்றுக்கு அங்கே 'பேட்ச்' போடுகிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

உடம்பைச் சூடேற்றும் பயிற்சியை நேரம் போக்குவதாக நினைக்கும் அப்பாக்கள் உண்டு. ஃபிஃபா ஆதரவில் 'லெவன் பிளஸ் கிட்ஸ்' என்று ஏழு பயிற்சிகள் அடங்கிய தொகுப்பு ஒன்று இருக்கிறது. ஒற்றைக்காலில் நிற்பது, தாவி இறங்குவது, விழுந்து உருளுவது போன்றவை. நான்கு ஐரோப்பிய நாடுகளில் 3,900 பிள்ளைகள் அளவில் வைத்துச் சோதித்தபோது காயங்கள் 48 சதவீதம் குறைந்தன. விழுந்து உருளச் சொல்லித்தரும் நாளில் எங்கள் மைதானத்தில் சிரிப்பு அடங்காது. வீட்டுக்குப் போகும்போது எல்லாச் சட்டையும் செம்மண் நிறம்.

பெண்பிள்ளைகளின் அம்மாக்கள் வேறு கவலையோடு வருகிறார்கள். "கறுத்துப் போயிடுவாளே டீச்சர்." எங்கள் மாவட்டத்து இந்துமதி கதிரேசனும் பண்ருட்டிப் பக்கத்து சந்தியா ரங்கநாதனும் இதே வெயிலில் ஓடி இந்திய அணி வரைக்கும் போனவர்கள் என்று சொல்வேன். 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று தேசியப் பட்டம் எடுத்தது தமிழ்நாட்டுப் பெண்கள் அணி. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் எடுத்தது. இதைச் சொன்னால் பாதி அம்மாக்கள் சரி என்கிறார்கள். மீதிப் பேரிடம் பாட்டிகள் வழியாகத்தான் பேசவேண்டும். பாட்டிகள் இந்த விஷயத்தில் எப்போதும் என் கட்சி.

ஒரு மாதத்தில் யாரும் ஆட்டக்காரர் ஆவதில்லை. "பையனை ரொனால்டோ ஆக்கிடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் அண்ணன்களிடம் நானும் சிரித்துக்கொண்டே இதைச் சொல்லிவிடுவேன். ஆனால் முகாமின் கடைசி வாரத்தில் 'செலக்‌ஷன்' என்று சொல்லி, பெரிய கிளப்புக்கு அனுப்புகிறோம் என்று தனியாகப் பணம் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆண்டுதோறும் மாவட்ட விளையாட்டரங்குகளில் கோடைமுகாம் நடத்துகிறது. விளையாட்டு விடுதிகளுக்கான தேர்வையும் அதுவே அறிவித்து நடத்துகிறது. அதற்கு இடைத்தரகர் தேவையில்லை. தேர்வு என்று வந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் இருப்பார்கள். பதினொரு மாத வளர்ச்சியைத் திறமை என்று நினைத்து உயரமானவனைப் பொறுக்கிவிடுவது எங்கள் தொழிலில் உலகமெங்கும் நடக்கும் தவறு. உங்கள் பிள்ளை குட்டையாக இருந்து விடுபட்டால், அடுத்த வருடமும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

ஜூனில் பள்ளி திறந்தபின் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்குப் பூசிய சுவர் ஒன்றைக் காட்டுவேன். தினமும் கால் மணி நேரம், பத்தடி தள்ளி நின்று, வலது காலால் ஒன்று, இடது காலால் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.