சொடுக்கு இறாலும் காவல் உளுவையும்: கடல்நீர்த் தொட்டியில் சோடியாக வளர்க்கும் முறை

திராட்சைக் கொடியிலும் கொய்யாக் கிளையிலும் மாவுப்பூச்சி கண்ட இடத்தில் எறும்புகள் சாரை சாரையாக ஏறி இறங்குவதைக் கம்பம் பள்ளத்தாக்கு உழவர்கள் நன்கு அறிவர். மாவுப்பூச்சி வெளிவிடும் இனிப்பு நீரை எறும்பு உண்கிறது. அதற்கு ஈடாக, மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டுகிறது. இருவரும் பயனடையும் இத்தகைய வாழ்க்கையைக் கூட்டுவாழ்வு என்பர்.

இதே போன்ற கூட்டுவாழ்வு வெப்பக் கடல்களின் ஆழமற்ற பகுதிகளிலும் உண்டு. பவளப்பாறைகளை அடுத்த மணல் தரையில் ஒரே வளையில் இறாலும் மீனும் குடியிருக்கின்றன. இறால், சொடுக்கு இறால் வகையைச் சேர்ந்தது. மீன், நம் கண்மாய்களிலும் ஆறுகளிலும் கிடைக்கும் உளுவையின் கடல் உறவு. கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் உயிரினங்களை வளர்ப்போர் இந்தச் சோடியை மிகவும் விரும்புகின்றனர். கடற்கரையிலிருந்து தொலைவில் உள்ள பண்ணைப்புரம், கோம்பை, தேவாரம் போன்ற ஊர்களிலும் இதனை வளர்க்க முடியும். ஆனால் விவசாயக் குடும்பங்கள் சில எச்சரிக்கைகளைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

இறால் தோண்டும், மீன் காக்கும்

இவ்வகை இறாலுக்குக் கண்பார்வை குறைவு. ஆனால் மணலைத் தோண்டி வளை அமைப்பதில் வல்லது. மண்வாரி இயந்திரம் போல இடுக்கிகளால் மணலைத் தள்ளி வந்து வாசலுக்கு வெளியே கொட்டும். சிப்பித் துண்டுகளையும் சிறு கற்களையும் முட்டுக் கொடுத்துக் கூரை சரியாமல் பார்த்துக்கொள்ளும். உளுவைக்குப் பார்வை கூர்மை. ஆனால் இத்தகைய வளையைத் தானே அமைத்துக்கொள்ள இயலாது. ஆகவே அது வாசலில் காவல் இருக்கிறது.

வெளியே வரும்போது இறால் தன் நீண்ட உணர்கொம்பு ஒன்றை மீனின் உடல்மீது வைத்துக்கொண்டே வேலை செய்யும். ஆபத்து தென்பட்டால் மீன் வாலை வேகமாகச் சிலிர்க்கும். இறால் உடனே பின்வாங்கிவிடும். ஆபத்து நெருங்கினால் மீனும் தலைகீழாக வளைக்குள் பாயும். இரவில் இரண்டும் உள்ளேயே தங்கும். செங்கடலில் இக்கூட்டுவாழ்வை ஜெர்மானிய விலங்கியலாளர் லூதர் 1958-ல் விவரித்தார். பின்னர் 1970-களில் கார்ப்ளஸ் என்ற இஸ்ரேலிய அறிஞர் இச்சைகை முறையை விரிவாக ஆராய்ந்தார்.

சொடுக்கின் வலிமை

இறாலின் இரு இடுக்கிகளில் ஒன்று மிகப் பெரியது. அதை மூடும் வேகத்தில் நீர் பீய்ச்சியடித்து, அதில் ஒரு குமிழி தோன்றி உடைகிறது. விரல் சொடுக்கியது போன்ற ஓசை எழுவது இடுக்கியின் முனைகள் மோதுவதால் அன்று, இக்குமிழி உடைவதால்தான் என்பது 2000-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அவ்வேளையில் நுண்ணிய ஒளியும் வெளிப்படுகிறது என்பது 2001-ல் தெரியவந்தது. பெரிய இடுக்கி ஒடிந்துவிட்டால், அடுத்து தோலுரிக்கும்போது மறுபக்கத்துச் சிறு இடுக்கி பெரிதாக வளரத் தொடங்கும். ஒடிந்த பக்கத்தில் சிறு இடுக்கி முளைக்கும். தொட்டியிலிருந்து எழும் ஓசையைக் கேட்டுக் கண்ணாடி விரிசல் விட்டதோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

தொட்டி அமைப்பு

நீளம் 60 செ.மீ., அகலம் 45 செ.மீ., உயரம் 45 செ.மீ. கொண்ட தொட்டி ஒரு சோடிக்குப் போதுமானது. மணலும் பாறையும் போக இதில் ஏறத்தாழ 100 லிட்டர் நீர் நிற்கும். மொத்த எடை 150 கிலோவைத் தாண்டுமாதலால் தாங்கு மேசை உறுதியாக இருத்தல் வேண்டும். வெயில் நேரடியாக விழும் சன்னலோரம் கூடாது.

முதலில் பாறையை வைத்து, பிறகே மணல் இட வேண்டும். இந்த வரிசை மிக முக்கியமானது. மணல்மேல் பாறையை அடுக்கினால், இறால் அடியில் தோண்டும்போது பாறை சரிந்து இரண்டையும் நசுக்கிவிடும். பாறை நேராகத் தொட்டியின் அடித்தளத்தில் அமர்ந்திருக்க வேண்டும். பின்னர் கடையில் விற்கும் சுண்ணாம்பு மணலை 8 முதல் 10 செ.மீ. உயரத்துக்குப் பரப்பவும். நைசான மணல் மட்டும் இருந்தால் வளை நிற்காது. சிப்பித் துண்டும் சிறு கற்களும் கலந்திருக்க வேண்டும். உளுவை துள்ளும் இயல்புடையது. ஆகவே தொட்டியின் மேல் வலைமூடி அவசியம்.

நீர் தயாரித்தல்

கிணற்று நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் கடினத்தன்மையோடு, உரமிட்ட நிலங்களிலிருந்து இறங்கிய நைட்ரேட்டும் இருக்கலாம். குழாய் நீரில் குளோரின் இருக்கலாம். ஆதலால் எதிர்ச் சவ்வூடுமுறையில் சுத்திகரித்த நீரையே பயன்படுத்த வேண்டும். சமையல் கல் உப்பைக் கரைத்துக் கடல்நீர் ஆக்க இயலாது. அதில் பெரும்பகுதி சோடியம் குளோரைடு மட்டுமே. கடல்நீரில் மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் ஆகியனவும் உரிய விகிதத்தில் உள்ளன. எனவே கடல்நீர்த் தொட்டிக்கென விற்கும் உப்புக் கலவையை லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கரைக்கவும். 100 லிட்டருக்கு மூன்றரை கிலோ தேவைப்படும். நீரின் ஒப்படர்த்தி 1.025 அளவிலும், வெப்பநிலை 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரையிலும், கார அமில நிலை 8.1 முதல் 8.4 வரையிலும் இருப்பது நலம்.

கோடையில் நீர் சூடேறினால் நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியை ஓட விடலாம். அதனால் ஆவியாதல் கூடும். நீர் மட்டுமே ஆவியாகும், உப்பு தங்கிவிடும் என்பதை நினைவிற்கொண்டு, குறைந்த அளவைச் சுத்திகரித்த நன்னீர் கொண்டே ஈடுசெய்ய வேண்டும். உப்பு நீர் ஊற்றக் கூடாது.

பக்குவப்படுத்துதல்

வயலில் இட்ட யூரியா அம்மோனியாவாகவும், பின் நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாகவும் மாறுவது போன்ற செயலே தொட்டியிலும் நடைபெறுகிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும், இடையில் உண்டாகும் நைட்ரைட்டும் நஞ்சு. அவற்றை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியில் மீனோ இறாலோ விடலாகாது. ஒரு சிறு துண்டு இறால் சதையை இட்டுச் சுழற்சியைத் தொடங்கி வைக்கலாம். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகே உயிர்களை விட வேண்டும். நாற்றங்கால் தயாராகுமுன் விதைப்பவர் இல்லை. இங்கும் அவசரம் நட்டமே தரும்.

சோடி சேர்த்தல்

எல்லாச் சொடுக்கு இறால்களும் மீனோடு சேர்வதில்லை. எல்லா உளுவைகளும் இறாலோடு சேர்வதில்லை. கிரிப்டோசென்ட்ரஸ் சிங்டஸ் என்னும் மஞ்சள் காவல் உளுவையும், வரிகளுடைய அல்ஃபியஸ் பெல்லுலஸ் இறாலும் தொட்டியில் எளிதில் சேரும் இனங்கள். மீன் சுமார் 10 செ.மீ. வரை வளரும், இறால் அதில் பாதியளவே இருக்கும். கடையிலேயே ஒரே வளையில் இருக்கும் சோடியைச் சேர்த்தே வாங்குவது சிறந்தது. பிரித்து வாங்கினாலும் இரண்டும் உயிர்வாழும். ஆனால் துணையற்ற இறால் பெரும்பாலும் மறைந்தே கிடக்கும்.

தனித்தனியே வாங்கினால், விளக்கை அணைத்துவிட்டு இரண்டையும் ஒரே பாறையின் அடியில் விடவும். இறால் மோப்பத்தால் மீனை அறியும். சேர்வதற்குச் சில நாட்களோ வாரங்களோ பிடிக்கலாம். இறாலைக் காணவில்லை என்று மணலைக் கிளறிப் பார்க்கக் கூடாது. ஒரு தொட்டியில் ஒரே இன உளுவைகள் இரண்டை விட்டால் சண்டையிடக்கூடும். சோடி சேர்ந்த ஆண் பெண் இதற்கு விலக்கு. இறாலைத் தின்னும் பெரிய மீன்களைத் துணைக்கு விடலாகாது.

தினமும் இருமுறை சிறிதளவு உறைந்த ஆர்டீமியாவோ நறுக்கிய இறால் சதையோ தரவும். ஒரு துண்டு வளை வாசலருகே விழுமாறு செய்தால் இறாலுக்கும் கிடைக்கும். மிஞ்சும் தீனி நீரைக் கெடுக்கும். வாரம் ஒருமுறை 10 லிட்டர் நீரை மாற்றவும். தொட்டியில் இறாலின் வெற்றுத் தோல் கிடந்தால் அது இறந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். தோலுரித்து வளர்கிறது என்பதே பொருள். மின்தடைக்கு முன்னேற்பாடாக மின்கலத்தில் இயங்கும் காற்றுக்குழாய்ப் பம்பு ஒன்றை வைத்திருப்பது நல்லது.

மயில்துத்தமும் பூச்சிமருந்தும்

தோட்ட வேலை செய்யும் வீடுகளில் தொட்டிக்குப் பெரிய ஆபத்து நோயன்று. கையிலும் காற்றிலும் வரும் மருந்தே. திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு 100 லிட்டர் நீரில் ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் சேர்த்துத் தயாரிக்கும் ஒரு சத போர்டோ கலவையை அனைவரும் அறிவர். மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் இறாலுக்குக் கொடிய நஞ்சு. மீன் நோய்க்காகக் கடைகளில் விற்கும் தாமிர மருந்தும் இறாலைக் கொன்றுவிடும். மேலும் தாமிரம் சுண்ணாம்பு மணலிலும் பாறையிலும் படிந்து நெடுநாள் தங்கும். நீரை மாற்றினாலும் முழுதாக நீங்காது. எனவே:

1. மருந்து கலந்த வாளி, குவளை, குழாய் எதையும் தொட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது.

2. செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் நீர் பிடித்து ஊற்றக் கூடாது.

3. மருந்தடித்த நாளில் குளித்து உடைமாற்றாமல் தொட்டியில் கைவிடக் கூடாது.

4. தாமிர மருந்திட்ட பழைய தொட்டியின் மணலையும் பாறையையும் வாங்கக் கூடாது.

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிமருந்துகள் இறால் இனத்துக்கு மிகச் சிறிய அளவிலேயே நஞ்சாகும். கொசு விரட்டிகளிலும் இவ்வகை மருந்துகளே உள்ளன. காற்றுப் பம்பு அறையின் காற்றை இழுத்து நீருக்குள் செலுத்துகிறது; அதனுடன் மருந்தும் செல்லும். தொட்டி உள்ள அறையில் கொசுவத்தியோ தெளிப்பானோ கூடவே கூடாது.

கடலைக் கெடுக்காமல் வாங்குக

ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சுற்றிய மன்னார் வளைகுடாப் பகுதி 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளங்கள் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. சுற்றுலா செல்வோர் அங்கிருந்து பவளத் துண்டையோ, உயிருள்ள பாறையையோ தொட்டிக்காக எடுத்து வருவது குற்றமாகும். இச்சோடிக்கு உயிருள்ள பவளம் தேவையே இல்லை. உலர்ந்த சுண்ணாம்புப் பாறையும் நல்ல மணலும் போதும்.

இதனை உபதொழிலாக எண்ணிப் பணம் முடக்க வேண்டாம். சந்தைக்கு வரும் சொடுக்கு இறால்கள் பெரும்பாலும் கடலில் பிடிக்கப்பட்டவை. அவற்றின் குஞ்சுகளை வளர்த்தெடுப்பது கடினம். கடல் அலங்கார மீன்களுள் கோமாளி மீனின் இனப்பெருக்க முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் உருவாக்கியுள்ளன. ஆனால் கடல்நீர் அருகில் கிடைக்கும் ஊர்களுக்கே அது ஏற்றது. பள்ளத்தாக்கு உழவர்கள் வருமானத்துக்கு மீன் வளர்க்க விரும்பினால், சென்னை கொளத்தூரில் நடைபெறுவது போல நன்னீர் அலங்கார மீன்களை வளர்ப்பதே பொருத்தம். அதுபற்றி மாவட்ட மீன்வளத் துறை அலுவலர்களைக் கேட்டுத் தெளிவு பெறலாம்.

வீட்டுப் பிள்ளைகள் கண்டு களிக்கவும், கூட்டுவாழ்வின் பயனை அறியவும் ஒரு சோடி போதும். பாறையை முதலில் வைத்து, ஆறு வாரம் பொறுத்து, மருந்தை விலக்கி வைத்தால், இறால் தோண்டுவதையும் உளுவை காவல் இருப்பதையும் பல்லாண்டு காணலாம்.