வெளிநாட்டிலிருந்து மின்சைக்கிள் கிட்: பணம் கட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

ஜெலுத்தோங்கிலிருந்து ஜோர்ஜ்டவுன் நகர மையத்திற்குச் சைக்கிளில் போக அரைமணி நேரம் தேவைப்படாது. துன் டாக்டர் லிம் சொங் இயூ விரைவுச்சாலையை ஒட்டிக் கடலோரமாகச் சைக்கிள் தடமும் இருக்கிறது. தெற்கே போனால் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. தூரம் பெரிய தடையல்ல. வெயிலும், எதிர்க்காற்றும், வயதானவர்களுக்கு முட்டிவலியும்தான் பலரைச் சைக்கிளிலிருந்து இறக்கி மோட்டார் சைக்கிளில் ஏற்றிவிடுகின்றன.

வீட்டில் சும்மா நிற்கும் சைக்கிளுக்கு ஒரு மோட்டார் பொருத்தினால் என்ன என்று இப்போது பலரும் யோசிக்கிறார்கள். இயங்கலைச் சந்தையில் தேடினால் 'கன்வர்ஷன் கிட்' என்ற பெயரில் நூற்றுக்கணக்கான விளம்பரங்கள் வருகின்றன. பெரும்பாலானவை சீனாவிலிருந்து அனுப்பப்படுபவை. மோட்டார், அதைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர், மிதிப்பதை உணரும் சென்சார், கைப்பிடியில் பொருத்தும் திரை, பேட்டரி, சார்ஜர் ஆகியவை சேர்ந்ததுதான் ஒரு கிட். சில விற்பனையாளர்கள் பேட்டரி இல்லாமலும் விற்கிறார்கள். விளம்பரத்தில் கவர்ச்சியாகத் தெரியும் விலை பெரும்பாலும் பேட்டரி இல்லாத விலைதான்.

இந்தக் கிட்டை வெளிநாட்டிலிருந்து வாங்குவது தவறான யோசனை அல்ல. ஆனால் மோட்டாரையும் பேட்டரியையும் ஒரே மாதிரி நினைக்கக் கூடாது. மோட்டார் பழுதானால் பணம் போகும். பேட்டரி பழுதானால் வீடே எரியலாம்.

சட்டம் எந்த அளவுக்கு அனுமதிக்கிறது?

2021 டிசம்பரில் அமலுக்கு வந்த விதிகள், மின் ஸ்கூட்டர் போன்ற சில நுண்வாகனங்களைப் பொதுச் சாலையில் ஓட்டத் தடை விதித்தன. மிதிக்கும்போது மட்டும் உதவி செய்யும் மின்சைக்கிளின் நிலை வேறு. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கு மேல் போகாமலும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டாரின் உதவி நிற்கும்படியும் இருந்தால், அது சைக்கிள் வகையில் பார்க்கப்படுகிறது. மின் உதவிச் சைக்கிளுக்கு எம்எஸ் 2514 என்ற மலேசியத் தரநிலையும் இருக்கிறது.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். விளம்பரங்களில் 500, 750, 1,000 வாட் மோட்டார்கள் 250 வாட் மோட்டாரைவிடக் கொஞ்சம்தான் விலை கூடுதலாக இருக்கும். 'இன்னும் கொஞ்சம் போட்டால் இரண்டு மடங்கு வேகம்' என்ற ஆசை வரும். அப்படி வாங்கியதைப் பொருத்தினால், அல்லது மிதிக்காமலே கைப்பிடியைத் திருகி ஓட்டும் திராட்டலைச் சேர்த்தால், சைக்கிள் என்ற சலுகை போய்விடும். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் பார்வையில் அது பதிவும் காப்புறுதியும் இல்லாத மோட்டார் வாகனமாகிவிடலாம். விபத்து நடந்து எதிர்த்தரப்புக்குக் காயம் ஏற்பட்டால் அந்தச் செலவு முழுவதும் ஓட்டியவரின் தலையில் விழும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தரநிலைச் சான்று என்பது முழுச் சைக்கிளுக்கு வழங்கப்படுவது. வீட்டில் பொருத்திய கிட்டுக்குத் தானாகச் சான்று வந்துவிடாது. ஆகவே ஆர்டர் கொடுப்பதற்கு முன் கிட்டின் விவரத்தாளை எடுத்துக்கொண்டு ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது. பக்கத்து சிங்கப்பூரில் விதிகள் இன்னும் கடுமை: 250 வாட், 25 கிலோமீட்டர் வரம்புடன் எடை 20 கிலோவுக்குள் இருக்க வேண்டும்; திராட்டல் கூடாது; சைக்கிளைப் பதிவு செய்து முத்திரையும் பெற வேண்டும்.

சைக்கிளுக்குப் பொருந்துமா?

திருப்பி அனுப்பப்படும் கிட்களில் பல, பழுதானவை அல்ல; அளவு தவறியவை. கையில் அளவு நாடாவுடன் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சக்கரம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் மூன்று இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 26 அங்குல மலைச்சைக்கிளுக்கு 559, 700சி சக்கரத்துக்கு 622 என்று இருக்கும். '20 அங்குலம்' என்று சொல்லும் மடிப்புச் சைக்கிளில் 406, 451 என இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று மற்றொன்றில் ஏறாது.

இரண்டாவது, அச்சு உட்காரும் இடைவெளி. முன்சக்கர மோட்டார்கள் பெரும்பாலும் 100 மில்லிமீட்டர், பின்சக்கர மோட்டார்கள் 135 மில்லிமீட்டர் இடைவெளிக்காகச் செய்யப்படுகின்றன. மிதிகட்டைக்கு நடுவே பொருத்தும் மோட்டார் என்றால், அந்தக் குழாயின் அகலம் 68 அல்லது 73 மில்லிமீட்டராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூச்சோ நகரின் பாஃபாங் நிறுவனம் செய்யும் பிபிஎஸ் வகை மோட்டார்கள் இந்த அளவுகளுக்கானவை.

மூன்றாவது, பிரேக்கும் முன்ஃபோர்க்கும். தாத்தா காலத்து 28 அங்குலச் சைக்கிளை மின்சைக்கிளாக மாற்ற ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள். அதன் சக்கர அளவு 635. அதற்கான மோட்டார் சக்கரம் எளிதில் கிடைக்காது. அதிலுள்ள கம்பி பிரேக், மழையில் நனைந்த இரும்பு ரிம்மைச் சரியாகப் பிடிப்பதில்லை. நிற்க முடியாத சைக்கிளுக்கு வேகம் கூட்டுவது ஆபத்து. அலுமினிய ஃபோர்க்கில் முன்சக்கர மோட்டாரைப் பொருத்தினால், மோட்டாரின் முறுக்கு விசையில் அச்சு பிளவிலிருந்து கழன்று வரும் ஆபத்தும் உண்டு. அதைத் தடுக்கும் 'டார்க் ஆர்ம்' என்ற இரும்புக் கையைக் கிட்டோடு சேர்த்து வாங்க வேண்டும்.

உண்மையான விலை எவ்வளவு?

2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இயங்கலையில் வாங்கும் 500 ரிங்கிட் வரையிலான பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பெரிய தளங்கள் பணம் கட்டும்போதே அதைப் பிடித்துக்கொள்கின்றன. 500 ரிங்கிட்டைத் தாண்டினால் பொருள் சுங்கத்துறையின் கணக்குக்குப் போகும். அங்கே பொருளின் விலை மட்டுமல்ல, அனுப்பும் கட்டணமும் காப்புறுதியும் சேர்த்துத்தான் மதிப்பு கணக்கிடப்படும்.

ஒரு கிட் 1,000 ரிங்கிட், அனுப்பும் செலவு 200 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 10 விழுக்காடு விற்பனை வரி விதிக்கப்பட்டால் 1,200-க்கு 120 ரிங்கிட். இறக்குமதித் தீர்வை இருந்தால் அது தனி. கூரியர் நிறுவனத்தின் சுங்க நடைமுறைக் கட்டணம், வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் ஆகியவையும் சேரும். மோட்டார், பேட்டரி, சைக்கிள் பாகம் மூன்றுக்கும் சுங்கக் குறியீடுகள் வேறு வேறு, விகிதமும் மாறலாம். சுங்கத்துறையின் இணையத்தளத்தில் குறியீட்டைத் தேடிப் பார்க்கலாம். விலையில் வரி அடங்கியதா, வீட்டு வாசலில் கட்ட வேண்டுமா என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

'பெட்டியில் அன்பளிப்பு என்று எழுதிவிடுகிறோம், விலையைக் குறைத்துப் போடுகிறோம்' என்று சிலர் சொல்வார்கள். பொய்யான அறிவிப்பு 1967-ஆம் ஆண்டு சுங்கச் சட்டப்படி குற்றம். பொருள் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும்.

பேட்டரியை மட்டும் இங்கேயே வாங்குங்கள்

36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் 360 வாட்-மணி மின்சாரம் இருக்கும். மிதித்துக்கொண்டே ஓட்டினால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-மணி செலவாகும் என்று கணக்கிட்டால் 36 கிலோமீட்டர் வரும். ஜெலுத்தோங்கிலிருந்து பாயான் லெப்பாஸ் போய்த் திரும்ப இது போதும். இதே பேட்டரியோடு '1,000 வாட்' மோட்டார் விற்கப்பட்டால் சந்தேகப்பட வேண்டும். அந்த மோட்டார் முழுத் திறனில் ஓடினால் 28 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி சுமார் இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்கு முன்பே அளவுக்கு மீறிச் சூடாகலாம்.

இத்தகைய பேட்டரியை விமானப் பயணி எடுத்துவர முடியாது. விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு கொண்டுவரும் தனிப் பேட்டரிக்கே உச்ச வரம்பு 160 வாட்-மணிதான். ஊரிலிருந்து வரும் உறவினரிடம் கொடுத்தனுப்பச் சொல்வது வேலைக்கு ஆகாது. தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதும் 2016 ஏப்ரல் 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. இந்தக் கட்டுப்பாடுகளுக்குக் காரணம் இருக்கிறது. 2010 செப்டம்பர் 3-ஆம் தேதி லித்தியம் பேட்டரிகளை ஏற்றிச் சென்ற ஒரு சரக்கு விமானம் நடுவானில் தீப்பற்றி துபாயில் விழுந்தது. விமானிகள் இருவரும் இறந்தனர்.

நியூயார்க் நகரில் 2023-இல் மட்டும் லித்தியம் அயன் பேட்டரித் தீயில் 18 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் முதல், உரிய பாதுகாப்புச் சான்று இல்லாத மின்சைக்கிளையும் பேட்டரியையும் விற்க அந்நகரம் தடை விதித்தது. அங்கும் பல தீவிபத்துகள் நடந்தது அடுக்குமாடிகளில். ஜெலுத்தோங்கிலும் பலர் வாழ்வது அடுக்குமாடியில்தான்.

வெளிநாட்டிலிருந்து வந்த பேட்டரி சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவது ஏறக்குறைய முடியாத காரியம். அது அபாயகரமான சரக்கு. சாதாரண அஞ்சலில் ஏற்க மாட்டார்கள். உள்ளூர்க் கடையில் வாங்கியதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். எங்கே வாங்கினாலும் யூஎன் 38.3 சோதனை அறிக்கையைக் கேளுங்கள். பேட்டரியின் மின்னழுத்தமும் செருகியும் கண்ட்ரோலருக்குப் பொருந்த வேண்டும் என்பதால், கிட்டின் விவரத்தாளைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

சார்ஜரையும் கவனிக்க வேண்டும். 36 வோல்ட் லித்தியம் அயன் பேட்டரிக்கு 42 வோல்ட் சார்ஜர். 48 வோல்ட் பேட்டரிக்கு 54.6 வோல்ட் சார்ஜர். இரண்டின் செருகியும் ஒரே வடிவத்தில் இருக்கலாம். மாற்றிச் செருகினால் தீப்பிடிக்கலாம். சார்ஜரில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வாசற்கதவுக்கு அருகிலோ, நடைபாதையிலோ, எல்லோரும் தூங்கும் நேரத்திலோ சார்ஜ் செய்யாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேறும் ஒரே வழி அடைபட்டுவிடும். வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரியை, காய்ந்துவிட்டது என்று நினைத்து மீண்டும் சார்ஜ் செய்யக் கூடாது. 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பினாங்கு மக்களுக்கு இது வெறும் எச்சரிக்கை அல்ல.

ஆயுள் முடிந்த பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுக்க வேண்டும். குப்பைக்கிடங்கில் தீ பற்றினால் என்ன ஆகும் என்பதை 2022 ஆகஸ்டில் புகையைச் சுவாசித்த ஜெலுத்தோங் மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிரச்சினை வந்தால்?

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் விற்பனையாளர் வெளிநாட்டில் இருந்தால், தீர்ப்பு கிடைத்தாலும் பணத்தை வசூலிப்பது கடினம். அதனால் பணத்தைத் தளமே பிடித்துவைத்துப் பிறகு விடுவிக்கும் முறையில், அல்லது கடன் அட்டையில் செலுத்துவதுதான் பாதுகாப்பு. தளத்துக்கு வெளியே நேரடியாக வங்கிக்குப் பணம் அனுப்பச் சொன்னால் விலகிவிடுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது காணொளி எடுங்கள். மோட்டார் சுற்றுவதைப் பார்த்த பிறகே 'பொருள் கிடைத்தது' என்ற பொத்தானை அழுத்துங்கள். ஆலோசனை தேவைப்படுவோர் மஸ்ஜித் நெகிரி சாலையில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம்.

இத்தனை செலவையும் கூட்டிப் பார்த்தபின், சான்றுடன் உள்ளூரில் விற்கப்படும் முழு மின்சைக்கிளின் விலையோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் சில நூறு ரிங்கிட்தான் என்றால் முழுச் சைக்கிளே லாபம். வித்தியாசம் அதிகம், சைக்கிளும் உறுதியானது, பிரேக்கும் நன்றாகப் பிடிக்கிறது என்றால் கிட் வாங்கலாம். அப்போதும் முதலில் எடுக்க வேண்டியது கைப்பேசியை அல்ல, அளவு நாடாவை.