வரைபட ஓரத்து ஊர்கள் – 7: புகை தெரிந்த இடம்

1878-ஆம் ஆண்டின் வசந்தகாலம். கான்சாஸ் மாநிலத்தின் எல்லிஸ் ரயில் நிலையத்திலிருந்து வடக்கே இரண்டு நாளாக ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. எல்லோரும் கென்டக்கியிலிருந்து கிளம்பிய கறுப்பினத்தவர். எல்லிஸில் தங்கியிருந்தபோது தட்டம்மை பரவி, இறந்த பிள்ளைகளை அங்கேயே புதைத்துவிட்டுப் புறப்பட்டவர்கள். ஊர் தெரிகிறது என்று முன்னால் போன ஆண்கள் கூவினார்கள். பாதிரியாரின் மனைவி வில்லியானா ஹிக்மன் கண்ணை அகல விரித்துப் பார்த்தார். புல்வெளிதான் தெரிந்தது, ஒரு கூரைகூட இல்லை. எங்கே ஊர் என்று கேட்டவருக்குத் தரையிலிருந்து எழுந்த புகையைக் காட்டினார்கள். மண்ணுக்குள் குழி வெட்டி ஜனங்கள் குடியிருந்தார்கள். அந்தப் புகை அவர்களுடைய அடுப்புப் புகை. வில்லியானா அழுதுவிட்டார்.

அந்த ஊரின் பெயர் நிக்கோடிமஸ்.

இந்தத் தொடரில் நாம் பார்த்துவரும் மற்ற ஊர்களைப் போலவே இதுவும் சட்டப்படி நகரமாகப் பதிவாகாத ஊர். மேயர் இல்லை, நகர மன்றம் இல்லை. பெரும்பாலான காரியங்களுக்குக் கிரஹாம் கவுன்ட்டியைத்தான் பார்க்க வேண்டும்.

ஊரைத் தொடங்கியது 1877 ஏப்ரலில் ஏழு பேர் சேர்ந்து அமைத்த ஒரு கம்பெனி. ஆறு பேர் கறுப்பினத்தவர், ஏழாமவர் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார மனை வியாபாரி. உள்நாட்டுப் போருக்குப் பிறகு தென் மாநிலங்களில் நிறுத்தியிருந்த ராணுவத்தை மத்திய அரசு விலக்கிக்கொண்டதும் அதே ஆண்டுதான். அடிமைத்தனம் சட்டத்தில் ஒழிந்திருந்தாலும் வாக்குரிமையும் உயிரும் மறுபடி பழைய முதலாளிகளின் கைக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த நேரத்தில், ஐந்து டாலர் கொடுத்தால் கான்சாஸ் போகலாம் என்று கென்டக்கியின் லெக்சிங்டன் பகுதியில் துண்டறிக்கை பரவியது. குடியேறிகளுக்கு 160 ஏக்கர் கொடுக்கும் 1862-ஆம் ஆண்டுச் சட்டமும் இருந்தது. சொந்த நிலம் என்ற சொல்லை நம்பி, செப்டம்பரில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் வந்து இறங்கினார்கள். வந்த வேகத்திலேயே திரும்பிப் போனவர்களும் உண்டு.

நின்றவர்களுக்கு மரமில்லை, மாடில்லை, ஏரில்லை. மண்வெட்டியாலும் கொத்தாலும் புல்தரையைக் கிளறினார்கள். சூரியகாந்தித் தண்டையும் காய்ந்த காட்டெருமைச் சாணத்தையும் எரித்தார்கள். முதல் குளிர்காலத்தில், வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் இறைச்சியில் பங்கு கொடுத்ததால்தான் பிழைத்தோம் என்று ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

அடுத்த பத்தாண்டுகளில் ஊர் குழியைவிட்டு மேலே வந்தது. ஜெனி ஃபிளெட்சர் பள்ளிக்கூடம் நடத்தினார். கணவர் சக்காரி தபால் அதிகாரியானார், செயின்ட் ஃபிரான்சிஸ் ஹோட்டலையும் கட்டினார். இரண்டு செய்தித்தாள்கள், தேவாலயங்கள், கடைகள் வந்தன. இங்கே குடியேறிய எட்வின் மெக்கேப் 1882-இல் கான்சாஸ் மாநிலத் தணிக்கையாளராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இனி வேண்டியது ரயில் மட்டும். 1887-இல் மிசௌரி பசிபிக் கம்பெனியை இழுக்க 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு ஊர் ஜனங்கள் வாக்களித்தார்கள். பாதை வரவில்லை. மறு ஆண்டு யூனியன் பசிபிக் வந்தது; ஆனால் சாலமன் ஆற்றுக்குத் தெற்கே, சில மைல் தள்ளி. அங்கே தண்டவாளம் போட்டவர்களின் முகாம் போக் என்ற ஊராக வளர்ந்தது. நிக்கோடிமஸ் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக ஆற்றைக் கடந்தார்கள், செய்தித்தாள்கள் நின்றன. மனை வியாபாரி ஹில்லின் பெயர் தாங்கிய ஹில் சிட்டி இன்றும் கவுன்ட்டியின் தலைநகர்.

பிறகு 1930-களின் வறட்சியும் புழுதிப் புயலும் மிச்சமிருந்த விவசாயிகளையும் விரட்டின. 1953-இல் தபால் நிலையம் மூடப்பட்டது. இப்போது அங்கே நிரந்தரமாக வசிப்பவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம்.

ஆனாலும் ஜூலைக் கடைசி வாரத்தில் போனால் கார் நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கும். முதல் குடியேறிகளின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் டென்வரிலிருந்தும் டொபீகாவிலிருந்தும் வந்து சேர்கிறார்கள். ஊர்வலம், சாப்பாடு, வழிபாடு. நம் ஊரில் பிழைப்புக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனவர்கள் கொடைக்குத் திரும்புவது போலத்தான். விழாவுக்கு மூலம், பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைகள் விடுதலை பெற்ற 1834 ஆகஸ்ட் 1. அந்த விடுதலையால் கரும்புத் தோட்டங்களில் ஆள் குறைந்தபோதுதான் மொரீஷியஸுக்குத் தமிழர்களும் கப்பலேற்றப்பட்டார்கள். ஒரே விடுதலை, இரண்டு சனங்களின் கதையில் வேறுவேறு பக்கத்தில் நிற்கிறது.

1996-இல் அமெரிக்க அரசு நிக்கோடிமஸைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது. காக்கப்படுபவை ஐந்தே கட்டடங்கள்: இரண்டு தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம், ஃபிளெட்சரின் ஹோட்டல், 1939-இல் கட்டிய ஊர் மண்டபம். விழாவுக்கு வந்தவர்கள் கூடுவது அந்த மண்டபத்தில்தான். வில்லியானா வந்தபோது ஊர் இல்லை, புகை இருந்தது. இன்று பதினொரு மாதம் அந்த அடுப்புகள் அணைந்திருக்கின்றன. ஜூலையில் மண்டபத்துக்கு வெளியே மறுபடி இறைச்சி வாட்டும் புகை எழுகிறது.

அடுத்த வாரம் கலிஃபோர்னியா போவோம். அங்கே ஒரு ராணுவப் பாதிரியார் 1908-இல் இதேபோல் ஓர் ஊரைத் தொடங்கினார். அந்த ஊர் இழந்தது ரயிலை மட்டுமல்ல, தண்ணீரையும்தான். நிறுவியவரின் உயிரைப் பறித்தது 1914-இல் ஒரு மோட்டார் சைக்கிள்.

(தொடரும்)