100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் வண்டி பறக்குமா?

பெட்ரோல் பங்க்கில் 95, 100 என்று விலை கூடிய பெட்ரோலைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண் சக்தியின் அளவா? இல்லை, பொறுமையின் அளவு!

ஊஞ்சல் நம் பக்கம் வந்து திரும்பும் நொடியில் தள்ளினால் உயரப் போகும். வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால்? கைதான் வலிக்கும்.

இன்ஜினுக்குள்ளும் அப்படித்தான். பிஸ்டன் மேலேறி, பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை நெருக்குகிறது. ஸ்பார்க் பிளக் பொறி வைத்ததும் நெருப்பு சீராகப் பரவ வேண்டும். அதற்குள் மிச்சக் கலவை சூட்டில் தானாக வெடித்தால் ‘டக் டக்’ என்று தட்டும். டாப் கியரில் மேடு ஏறும்போது கேட்டிருப்பீர்களே, அதுதான். ஆக்டேன் கூடினால் பெட்ரோல் இப்படி முந்தாது.

இந்தப் பொறுமைக்காக முன்பு ஈயம் கலந்தார்கள். குழந்தைகளின் மூளையைக் கெடுத்த விஷம்! இந்தியா 2000இல் கைவிட்டது. கடைசி நாடான அல்ஜீரியா, 2021இல். இன்று எத்தனாலும் ஆக்டேனைக் கூட்டுகிறது.

வண்டிக் கையேட்டைப் புரட்டுங்கள். 91 போதும் என்றிருந்தால், 100க்குக் கொடுக்கும் காசு வீண்.