கம்பெனிகள் கைகுலுக்கின, கம்மாய்க்கரையில் ‘டவர்’ தேடும் கரிசல் ஜனங்கள்!

கோவில்பட்டி:-

2018-ம் ஆண்டு பிப்ரவரி 21-ந்தேதி. புதன்கிழமை.

அன்று தமிழ்நாடு முழுவதும் லட்சக்கணக்கான செல்போன்கள் திடீரென்று ஊமையாகிவிட்டன!

சிம் கார்டை வெளியே எடுத்தார்கள். வேட்டி நுனியில் துடைத்தார்கள். மறுபடியும் போட்டுப் பார்த்தார்கள். ஊஹும்! செட்டில்தான் கோளாறோ என்று ரிப்பேர் கடைக்கு ஓடினார்கள். அங்கே ஏற்கனவே கூட்டம்.

“என்ன அண்ணாச்சி, காலையில இருந்து ஒரு கோடு கூட வரலியே?”

“ஒனக்கு மட்டுமா? ஊருக்கே அப்படித்தாம்ப்பா!”

டீக்கடைகளில் எல்லாம் இதே பேச்சு.

கோளாறு செட்டில் இல்லை, சிம்மிலும் இல்லை. ‘ஏர்செல்’ கம்பெனியே படுத்துவிட்டது!

அப்போது மாசி மாதம். கரிசல் காட்டில் உளுந்து, பாசி மூட்டைகள் வீட்டுக்கு வந்து சேரும் நேரம். கமிஷன் கடைக்குப் போன் போட்டு, “இன்னைக்கு என்ன விலை?” என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியில் மூட்டை ஏற்றுவார்கள். தீப்பெட்டி ஆலைக்காரருக்கு லாரி புக்கிங் முதல் பார்ட்டி பாக்கி வரை எல்லாமே போனில்தான். கடலை மிட்டாய்க் கடைக்கும் அப்படியே. வெளியூர் ஆர்டர் போனில் வரும். பெட்டி பஸ்சில் போகும்.

அத்தனையும் ஒரே நாளில் நின்றால் எப்படி இருக்கும்?

நம்ம ஊர்க் கம்பெனி

ஏர்செல் என்றால் தமிழ்நாட்டில் தனி மரியாதை உண்டு. 1999-ல் தொழிலதிபர் சிவசங்கரன் இங்கேயே தொடங்கிய கம்பெனி அது. மற்றவர்கள் பெரிய பட்டணங்களில் போட்டி போட்டுக் கொண்டிருந்தபோது, ஏர்செல் சிறிய ஊர்களுக்குள் நுழைந்தது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் அதற்குத்தான். சென்னை கிரிக்கெட் அணியின் மஞ்சள் சட்டையில் நெஞ்சுக்கு நேரே இருந்ததும் அந்தப் பெயர்தான்.

2006-ல் மலேசியாவின் ‘மேக்சிஸ்’ கம்பெனி 74 சதவீதப் பங்கை வாங்கியது. வடக்கே பல மாநிலங்களுக்கும் கடை விரித்தார்கள். கடனும் கூடவே வளர்ந்தது.

2010-ல் ஏர்செல் ஒரு காரியம் செய்தது. தன்னிடமிருந்த 17,500 டவர்களை ஜி.டி.எல். குழுமத்துக்கு விற்றது. விலை சுமார் 8,400 கோடி ரூபாய்! சொந்த வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பது போன்ற ஏற்பாடு. வாடகை கட்டும் வரை வம்பு இல்லை.

2016-ல் 4ஜி அலைவரிசையையும் தமிழ்நாடு உள்பட 8 வட்டாரங்களில் ஏர்டெல்லுக்கு விற்றார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி ‘ஜியோ’ வந்தது. பேச்சு இலவசம் என்றது! மற்ற கம்பெனிகளின் கல்லாப்பெட்டி ஆட்டம் கண்டது.

நடக்காத கல்யாணம்

ஒன்பதே நாளில், செப்டம்பர் 14-ந்தேதி ஒரு நிச்சயதார்த்தம்! அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்சும் ஏர்செல்லும் ஒன்றாகச் சேரப்போவதாக அறிவிப்பு வெளியானது.

ஒரு வருஷம் இழுத்தது. வழக்குகள், ஆட்சேபணைகள், அனுமதிச் சிக்கல்கள். 2017 அக்டோபர் 1-ந்தேதி கல்யாணம் நின்றுபோனது.

நடந்திருந்தால் ஏர்செல் பிழைத்திருக்குமா? சந்தேகம்தான். மாப்பிள்ளை வீட்டு நிலைமையும் சரியில்லை. அதே 2017 டிசம்பரில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்சும் செல்போன் பேச்சு சேவையை நிறுத்திவிட்டது. நீச்சல் தெரியாத இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் கொண்டு கிணற்றில் இறங்கிய கதையாகத்தான் முடிந்திருக்கும்.

2018 ஜனவரியில் குஜராத், மகாராஷ்டிரா உள்பட 6 வட்டாரங்களில் ஏர்செல் கடையைக் கட்டியது. பிப்ரவரியில் தமிழ்நாட்டின் முறை. டவர் கம்பெனிகளுக்கு வாடகை பாக்கி. டவர்கள் வரிசையாக நிறுத்தப்பட்டன. மாதக் கடைசியில் திவால் மனுவும் மும்பை தீர்ப்பாயத்துக்குப் போனது. சொன்ன கடன் சுமார் 15,500 கோடி ரூபாய்!

கோட் கேட்டால் சிக்னல் இல்லை!

“கம்பெனி போனால் போகட்டும், வேறு கம்பெனிக்கு மாறிக் கொள்ளலாமே” என்று சொல்வது சுலபம்.

நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றும் வசதி 2011 ஜனவரி 20-ந்தேதி நாடு முழுவதும் வந்துவிட்டது. ‘போர்ட்’ என்று டைப் செய்து, ஓர் இடம் விட்டு, நம்பரைப் போட்டு, 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். 8 எழுத்து, எண் கொண்ட ரகசியக் கோட் வரும். அதைப் புதுக் கம்பெனிக் கடையில் கொடுக்க வேண்டும்.

ஆனால் எஸ்.எம்.எஸ். போக சிக்னல் வேண்டும். சிக்னல் இல்லாததால்தானே கோட்டே கேட்கிறார்கள்!

டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டது. ஏர்செல் சந்தாதாரர்களின் கோட் ஏப்ரல் 15-ந்தேதி வரை செல்லும் என்று கால அவகாசம் கொடுக்கப்பட்டது. கோவில்பட்டி, சாத்தூர் போன்ற ஊர்களில் இருந்தவர்களுக்கு அது ஓரளவு உதவியது. கடைக்குப் போய் நிற்கலாம், விவரம் கேட்கலாம்.

விளாத்திகுளத்துக்கும் புதூருக்கும் உள்ளே இருக்கும் சிற்றூர்க்காரர் என்ன செய்வார்? வேலையை விட்டுவிட்டு டவுனுக்கு பஸ் ஏற வேண்டும். சிக்னல் எங்கே வருகிறது என்று தேட வேண்டும். இதிலே இன்னொரு சங்கடம். கிராமத்தில் சிம் ஒருவர் பெயரில் இருக்கும். பேசுவது வேறொருவராக இருக்கும். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் தன் பெயரில் வாங்கிக் கொடுத்த சிம்மில்தான் அம்மா பேசுவார். நம்பரை மாற்ற வேண்டுமென்றால் மகனே நேரில் வரவேண்டும்.

“போனா போவுது, புது நம்பர் வாங்கிக்குவோம்” என்று விட்டவர்களுக்குத்தான் பிறகு தலைவலி. பேங்கில் பழைய நம்பர். ஆதாரில் பழைய நம்பர். கேஸ் புக்கிங்கில் பழைய நம்பர். ரேஷன் கார்டிலும் பழைய நம்பர். ஓ.டி.பி. எல்லாம் செத்துப்போன நம்பருக்குப் போகும்! பத்து இலக்க நம்பர் என்பது வீட்டுக் கதவு எண் மாதிரி ஆகிவிட்ட காலம் இது.

ஒரே சிம், நாலு பெயர்!

கம்பெனிகள் சேர்ந்தாலே கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. ஒழுங்காக நடந்த சேர்க்கைகளும் உண்டு.

பழைய பி.பி.எல். சிம் ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் ஆரம்ப காலத்திலேயே வந்த சிம் அது. 2006-ல் அது ‘ஹட்ச்’ கைக்குப் போனது. நாய்க்குட்டி விளம்பரம் வந்ததே, அதே ஹட்ச்தான். 2007-ல் ஹட்ச் ‘வோடபோன்’ ஆனது. 2018 ஆகஸ்டு 31-ந்தேதி வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. 2020 செப்டம்பரில் பெயர் ‘வி’ என்று சுருங்கியது.

நாலு பெயர் மாறியும் நம்பர் மாறவில்லை. அந்தச் சந்தாதாரர் ஒருநாளும் கோட் கேட்டு அலையவில்லை. 2019 ஜூலையில் டாட்டா டோகோமோ வாடிக்கையாளர்கள் ஏர்டெல்லுக்குப் போனதும் இப்படித்தான்.

அப்படியானால் எதில் வித்தியாசம்? டவரில்!

பஜாரும் காடும்

கோவில்பட்டி பஜாரை எடுத்துக் கொள்ளுங்கள். இரண்டு கம்பெனிகள் சேரும் முன்பு, பக்கத்துப் பக்கத்தில் இருவருக்கும் தனித்தனிக் கருவிகள். சேர்ந்த பிறகு இரண்டு எதற்கு? ஒன்றை இறக்கிவிடுவார்கள். ஆனால் இருவரின் அலைவரிசையும் ஒன்றாகச் சேரும். ஒற்றை ரோடு இரட்டை ரோடு ஆன மாதிரி. நெட் வேகமாக ஓடும். டவுன்காரருக்கு லாபம்.

கிராமத்திலும் சிலருக்கு லாபம் உண்டு. ஊரில் ஒரு கம்பெனி டவர் மட்டும் இருந்தால், சேர்க்கைக்குப் பிறகு மற்றக் கம்பெனி சிம்காரருக்கும் அதே டவர் கிடைக்கும். இதை மறைக்கக் கூடாது.

வினை வேறு இடத்தில் இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே ஒரு டவர், மேற்கே ஒரு டவர் என்று இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மூன்று நாலு கிலோமீட்டர் காடு. கணக்குப் பார்க்கும் அதிகாரி மேப்பில் இரண்டையும் பார்ப்பார். “இந்த ஊருக்கு ஒன்று போதும்” என்று ஒன்றை அடித்துவிடுவார். மேப்பில் ஊர் இருக்கும், சிக்னலும் இருக்கும். அடிக்கப்பட்ட டவர் பக்கம் பருத்தி எடுக்கப் போனவர் கையில் மட்டும் போன் செத்துக் கிடக்கும். அப்புறம் கம்மாய்க்கரை மேல் ஏறி நின்று, “ஹலோ... கேக்கா? இப்ப கேக்கா?”

இன்னொன்று. இப்போதெல்லாம் ஒரே டவரில் இரண்டு மூன்று கம்பெனிகள் குடியிருக்கின்றன. வாடகை, கரண்டு, டீசல், காவல் எல்லாம் பங்கு. ஒரு குடித்தனக்காரர் காலி செய்தால் டவர்காரருக்கு வருமானம் குறையும். இரண்டாமவரும் போனால் டவரே போகும். ஏர்செல் போனபோது டவர்காரர்களுக்கு விழுந்த அடி இதுதான்.

கரிசல் மண்ணும் லேசுப்பட்டது இல்லை. மழையில் உப்பும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். வீடு கட்டினாலே சுவர் விரியும் பூமி. இதில் டவருக்கு அஸ்திவாரம் போடுவது செலவு பிடித்த வேலை. ஊரோ சின்னது, ரீசார்ஜ் வசூலோ சொற்பம். ஒருமுறை கழற்றிய டவரை மறுபடி நட எந்தக் கம்பெனிக்கு மனசு வரும்?

எட்டயபுரம் ரோட்டிலும், இடைசெவல், கயத்தாறு வழியாகப் போகும் நான்குவழிச் சாலையிலும் பெரிய கவலை இல்லை. போகிற வருகிற கார், லாரிக்காகவாவது டவர் நிற்கும். ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால்தான் பாடு.

கடைப் பலகையில் பெயர் குறைந்தது

2012 வாக்கில் ரீசார்ஜ் கடைப் பலகையில் பத்துப் பெயர் வரை இருந்தது. இன்று ஏர்டெல், ஜியோ, வி, பி.எஸ்.என்.எல். நாலுதான்.

அதிலும் ‘வி’யின் கதை பரிதாபம். சேர்ந்த அன்று 40 கோடிக்கு மேல் சந்தாதாரர். நாட்டிலேயே பெரிய கம்பெனி! 2025-ல் அதில் ஏறத்தாழ பாதிதான் மிச்சம். அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கிக்குப் பதிலாகப் பங்கு எழுதிக் கொடுத்ததில், 2025 ஏப்ரலில் மத்திய அரசின் பங்கு சுமார் 49 சதவீதம் ஆகிவிட்டது.

போட்டி குறைந்தால் விலை என்ன ஆகும் என்று பலசரக்குக் கடை அண்ணாச்சிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒரே வாரத்தில் கட்டணத்தை ஏற்றின. 11 சதவீதம் முதல் 25 சதவீதம் வரை உயர்வு! ஏற்றாமல் இருந்தது பி.எஸ்.என்.எல். மட்டுமே. அங்கே கூட்டம் ஓடியது. விலை குறைவு சரி. 4ஜி எங்கே என்று கேட்டார்கள். அதன் உள்நாட்டு 4ஜி சேவையை 2025 செப்டம்பர் 27-ந்தேதிதான் பிரதமர் தொடங்கி வைத்தார்.

ரேஷன் கடையில் விரல்ரேகை மெஷின் சுற்றிக் கொண்டே இருக்கிறது. டீக்கடையில் பணம் போனதா இல்லையா என்று இருவரும் போனையே பார்த்துக் கொண்டு நிற்கிறார்கள். சிக்னல் போனால் இன்று பேச்சு மட்டுமா நிற்கிறது?

மாவட்டத்துக்குத்தான் நஷ்டஈடு!

டிராய் 2024-ல் புதிய தர விதிகளைக் கொண்டு வந்தது. அதன்படி 2025 ஏப்ரல் முதல், ஒரு மாவட்டத்தில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் மாத பில்காரருக்கு வாடகையில் கழிவு உண்டு. முன்பணம் கட்டியவருக்கு நாள் நீட்டிப்பு உண்டு. இயற்கைச் சீற்றத்தால் முடங்கினால் கிடையாது.

நல்ல விதிதான். ஆனால் ‘மாவட்டம்’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். தூத்துக்குடி மாவட்டம் முழுக்க மணி அடித்துக் கொண்டிருக்கும்போது, ஒரே ஒரு கரிசல் கிராமத்து டவர் பத்து நாள் படுத்துக் கிடந்தால்? அது இந்தக் கணக்கில் ஏறாது!

இன்னொரு விதி உபயோகமானது. எந்த இடத்தில் தங்கள் சிக்னல் உண்டு என்பதை ஒவ்வொரு கம்பெனியும் மேப் போட்டுத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். கம்பெனி மாறுமுன் அதைப் பார்க்கலாம். ஆனால் மேப் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரின் போனை வாங்கிக் கொண்டு தன் தோட்டம் வரை ஒரு நடை போய்ப் பார்ப்பதே மேல்.

டெல்லியில் வேறொரு யோசனையும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அரசு நிதியில் கட்டிய 4ஜி டவர்களில் பி.எஸ்.என்.எல்., ஏர்டெல், ஜியோ மூன்று சிம்மும் வேலை செய்யும் திட்டம். 2025 ஜனவரி 17-ந்தேதி தொடங்கியது. நாடு முழுவதும் 27,836 டவர்கள். கம்பெனிகள் சேராமலே டவர் சேருகிறது! இது அரசு பணம் போட்ட டவர்களுக்கு மட்டும்தான். கம்பெனிகள் தங்கள் சொந்தக் கணக்கில் வைத்திருக்கும் டவர்களுக்கு இந்த ஏற்பாடு இல்லை.

கம்பெனி மாற நினைப்பவர்கள் கவனத்துக்கு:- 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பி வாங்கும் கோட் இப்போது நாலு நாள்தான் செல்லும். தொலைந்த சிம்முக்குப் புது சிம் வாங்கியவர்கள் 7 நாள் கழித்தே கோட் கேட்க முடியும். மாத பில்லில் பாக்கி இருந்தால் கோட் வராது. சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரேதான் கடைக்கு வரவேண்டும்.